ஜாங்கிரியை விடுங்கள், டீ டம்ளரைப் பாருங்கள்

இனிப்பைக் குறைப்பது என்று முடிவெடுத்ததும் நம்மவர்கள் முதலில் கை வைப்பது மைசூர்பாகில்தான். தீபாவளிக்கு வந்த டப்பா அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி இலை ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். ஐஸ்கிரீம் கடை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாள் இப்படி வைராக்கியமாக இருந்துவிட்டு, ஒரு ராத்திரி பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதும், "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று கைகழுவுவதும் எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. இவ்வளவுக்கும் நடுவில் டீக்கடை டீ மட்டும் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதை யாரும் இனிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, சேர்த்துப் பார்ப்போம். ஒரு ஸ்பூன் சீனி சுமார் 5 கிராம். டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன். காலையில் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று, வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்று என்று நாளைக்கு நாலு டீ குடிப்பவருக்கு 40 கிராம் ஆகிறது. வருஷத்துக்கு 14 கிலோவைத் தாண்டும். ஒரே ஆளுக்கு, டீயில் மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு என்ன? ஒரு நாளில் கிடைக்கும் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழமும் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் வராது. ஆக, நாலு டீ குடித்தவுடன் அன்றைய ஒதுக்கீட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. கூடக் கடித்த பிஸ்கட்டை இன்னும் எண்ணவே இல்லை.

கல்யாண வீட்டு லட்டில் எவ்வளவு சீனி இருந்தாலும் அது மாதத்துக்கு ஒரு தடவை வரும். நம் பழைய இனிப்புகள் எல்லாமே நாள் கிழமையோடு வந்தவை: பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், கார்த்திகைக்குப் பொரி உருண்டை, தீபாவளிக்கு அதிரசம். அவற்றின் மேல் இருப்பது உண்மையான ஆசை. 4 மணி டீயில் விழும் ரெண்டாவது ஸ்பூன் மேல் யாருக்கு ஆசை? பாதிப் பேருக்கு அது விழுவதே தெரியாது. ஆசைப்பட்டுச் சாப்பிடுவதை நிறுத்துவது கஷ்டம், ஆசையே இல்லாமல் உள்ளே போவதை நிறுத்துவது சுலபம். நாம் எப்போதும் கஷ்டமான பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம் என்பதுதான் என் குறை.

இந்த டீ விஷயத்தை பிரிட்டனில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் லீட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சிறிய ஆய்வு, 2019-இல் வெளியானது. சர்க்கரை போட்டு டீ குடிக்கும் 64 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒரு மாதத்தில் படிப்படியாகச் சர்க்கரையைக் குறைத்தது, இன்னொன்று ஒரேயடியாக நிறுத்தியது, மூன்றாவது வழக்கம்போலக் குடித்தது. முடிவில், படிப்படியாகக் குறைத்தவர்களில் 42 சதவீதம் பேர் சர்க்கரையை அடியோடு விட்டிருந்தார்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் இது 36 சதவீதம், சும்மா இருந்தவர்களில் 6 சதவீதம். இதைவிட முக்கியமான செய்தி, சர்க்கரையைக் குறைத்ததால் டீ குடிக்கும் சந்தோஷம் குறையவில்லை என்பது. 64 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, எல்லாரும் ஆண்கள், அவர்கள் டீயும் நம் டீயும் ஒன்றல்ல. ஆனாலும் படிப்படியாகவோ ஒரேயடியாகவோ எப்படி நிறுத்தினாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது தெம்பான சங்கதி. அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற வழியை எடுத்துக்கொள்ளலாம்.

இதில் தமிழ்நாட்டு டீக்கடைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மாஸ்டர் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைப்பார், ஒவ்வொன்றிலும் சீனியைப் போடுவார், துணி வடிகட்டியிலிருந்து டிகாஷனை ஊற்றுவார், கொதிக்கும் பாலைச் சேர்த்து ஒரு ஆத்து ஆத்திக் கையில் கொடுப்பார். சீனி டம்ளர் டம்ளராகத் தனித்தனியாக விழுகிறது. டீத்தூளும் பாலும் சீனியும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் வடக்கத்திய டீயில் இந்தச் சலுகை கிடையாது. ஆபீஸ் மெஷின் டீயிலும் கிடையாது, அதன் பொடியிலேயே சர்க்கரை கலந்திருக்கும். நம் கடையில் "அண்ணே, ஒரு வித்தவுட்" என்றால் சீனி இல்லாத டீ வந்துவிடும். "சீனி கம்மி" என்பதில்தான் சிக்கல். கம்மி என்பது மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும். சிலர் ரெண்டு ஸ்பூனை ஒன்றே முக்காலாக்கிவிட்டுக் கம்மி என்பார்கள். அதனால் "ஒரு ஸ்பூன்", "அரை ஸ்பூன்" என்று அளவைச் சொல்லிக் கேட்பதே நல்லது. வேகமான கடையில் இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ரெண்டு நாள் போனால் நம்மைப் பார்த்ததுமே மாஸ்டர் கை தானாக நிதானித்துவிடும். பார்சல் டீ வாங்கினால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மொத்தமாகக் கலந்து கவரில் கட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நாக்கு இதற்கு எவ்வளவு ஒத்துழைக்கும்? கொஞ்சம் ஒத்துழைக்கும், முழுக்க அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுவை, வாசனை பற்றிய ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் மோனெல் மையம் 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஒரு குழு தன் உணவில் சர்க்கரையிலிருந்து வரும் கலோரியில் 40 சதவீதத்தைக் குறைத்து, அதற்குப் பதில் வேறு உணவுகளைச் சாப்பிட்டது. மூன்றாவது மாதத்தில் அவர்களுக்குக் கொடுத்த புட்டிங், சர்க்கரையைக் குறைக்காதவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இனித்தது. அதாவது நாக்கின் அளவுகோல் மாறிவிட்டது. இதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது. எந்த அளவு இனிப்பு தங்களுக்குப் பிடிக்கிறது என்பதில் அவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. கட்டுப்பாட்டை எடுத்து, இனி இஷ்டப்படி சாப்பிடுங்கள் என்றதும் சர்க்கரை மறுபடி வேகமாக ஏறிவிட்டது.

இதே கதை ஒரு நாட்டின் அளவிலும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1942-இல் மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் வந்தது. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1949 ஏப்ரலில் மிட்டாய் ரேஷனை எடுத்துப் பார்த்தார்கள். ஏழு வருஷம் அளந்து சாப்பிட்ட ஜனம் கடைகளில் மொய்த்துவிட்டது, சரக்கு கட்டுப்படியாகவில்லை, ஆகஸ்டில் மறுபடி ரேஷன். 1953 பிப்ரவரியில்தான் மிட்டாய்க்கும் செப்டம்பரில் சர்க்கரைக்கும் விடுதலை கிடைத்தது. ஆளுக்கு நாளைக்குச் சுமார் 40 கிராமாக இருந்த சர்க்கரை, சீக்கிரமே ஏறக்குறைய 80 கிராமானது. பத்து வருஷத்துக்கு மேல் கட்டாயமாகக் குறைத்தும் ஆசை துளியும் சாகவில்லை. கையில் கிடைத்ததும் எழுந்து நின்றது.

ஆனால் அந்தக் குறைவு வீண் போகவில்லை. அந்த ரேஷன் காலத்தில் கருவாகவும் குழந்தையாகவும் இருந்தவர்களை, ரேஷன் முடிந்தபின் பிறந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024-இல் சயின்ஸ் இதழில் வந்தது. வாழ்வின் முதல் ஆயிரம் நாளில் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தன. அந்த மக்கள் யாரும் சபதம் எடுக்கவில்லை. மனசு மாறவில்லை, அளவு மட்டும் மாறியிருந்தது. கைக்குழந்தை வீட்டில் இருப்பவர்களுக்கு இது நேரடியான செய்தி: ரெண்டு வயது வரை குழந்தையின் பாலிலும் கூழிலும் சர்க்கரை தேவையே இல்லை. பாட்டிமார் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சர்க்கரை ஒரு போதை என்று வீடியோ போடுபவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. அந்தப் பேச்சின் மூலம் பெரும்பாலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து எலிகள். தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டு, அப்புறம் சர்க்கரைத் தண்ணீரை வைத்தபோது அவை வெறிபிடித்த மாதிரி குடித்தன, நிறுத்தியதும் தவித்தன. எந்நேரமும் சர்க்கரைத் தண்ணீர் கிடைத்த எலிகள் அப்படி நடந்துகொள்ளவில்லை. மனிதர்களிடம் சர்க்கரைக்கு அடிமையாதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். எலிக்கு வெறி வந்தது சர்க்கரையால் மட்டும் அல்ல, பட்டினிக்குப் பிறகு திறந்துவிட்டதால். "30 நாள் சர்க்கரைக்குத் தடா" சவால்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். 31-ஆம் நாள் 1949 ஏப்ரல்தான் நடக்கும்.

ஆக, ஆசையைக் கொல்வது நம் வேலை இல்லை. அது தலைகாட்டும் நேரங்களைக் குறைத்தாலே போதும். அந்த நேரங்கள் பெரும்பாலும் 11 மணியும் 4 மணியும்தான், அதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. காலையில் வெறும் மாவுச்சத்தாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறி, சிலருக்கு ரெண்டு மூன்று மணி நேரத்தில் ஆரம்ப அளவுக்கும் கீழே இறங்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1,070 பேர் உடம்பில் சர்க்கரை அளக்கும் சிறு கருவியைப் பொருத்திக் கவனித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அப்படி அதிகமாக இறங்கியவர்களுக்குப் பசி 9 சதவீதம் கூடுதல், அடுத்த சாப்பாடு அரை மணி நேரம் முன்னதாக, ஒரு நாளில் உள்ளே போனது சுமார் 300 கலோரி அதிகம். நம் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 8 மணிக்கு நாலு இட்லி, தொட்டுக்கொள்ளத் தண்ணிச் சாம்பார். 11 மணிக்குக் கை டீயைத் தேடாமல் என்ன செய்யும்? அதே இட்லியில் ஒன்றைக் குறைத்து ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேர்த்தால், சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக விட்டால், 11 மணியின் வேகம் தணியும். 4 மணிக்குப் பிஸ்கட் இருந்த இடத்தில் சுண்டலோ வேர்க்கடலையோ வந்தால் இன்னும் நல்லது. சாயங்காலச் சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் ஒதுக்கிவைத்தது நாம் செய்த நஷ்ட வியாபாரம்.

தூக்கத்தை யாரும் இந்தப் பேச்சில் இழுப்பதில்லை. லண்டன் கிங்ஸ் காலேஜில் 2018-இல் வந்த ஆய்வில், குறைவாகத் தூங்கும் 42 பேரில் பாதிப் பேருக்கு தூங்கும் நேரத்தைக் கூட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் சாப்பிடும் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளைக்குச் சுமார் 10 கிராம் குறைந்தது. ரெண்டு ஸ்பூன் சீனி! ராத்திரி 12 மணி வரை போனைத் தேய்த்துவிட்டு மறுநாள் மனக்கட்டுப்பாட்டைக் குறை சொல்பவர்கள் இதை யோசிக்கலாம்.

சரி, இதெல்லாம் செய்தும் திடீரென்று ஒரு ஆசை எழுந்தால்? எழுந்த ஆசை அப்படியே உச்சத்தில் நிற்காது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்த இடைவெளியைக் கடத்த ஏதாவது வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் தினமும் சாக்லேட் தின்னும் 78 பேரை 15 நிமிஷம் வேகமாக நடக்கவிட்டு, அப்புறம் மேஜையில் சாக்லேட் கிண்ணத்தோடு வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். நடந்தவர்கள் தின்றது, நடக்காதவர்கள் தின்றதில் கிட்டத்தட்டப் பாதி.

நம் ஊரிலேயே இதைவிட விசித்திரமான கருவி ஒன்று இருக்கிறது. சிறுகுறிஞ்சான். வேலியில் படரும் இந்தக் கொடியின் இலை ரெண்டை மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போட்டால், மணலை மெல்கிற மாதிரி இருக்கும். நறநறவென்று தெரியும், இனிப்பு தெரியாது. இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணரும் மொட்டுகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். மற்ற சுவைகள் எல்லாம் அப்படியே இருக்கும் என்பதுதான் வேடிக்கை: அந்த நேரத்தில் குடிக்கும் டீயில் துவர்ப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் இந்த அமிலத்தை மிட்டாய் வடிவில் கொடுத்துப் பார்த்ததில், அதற்குப் பின் கொடுத்த சாக்லேட்டை மக்கள் குறைவாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு விளையாட்டுக்கு மென்று பாருங்கள், இனிப்பு என்பது சீனியில் பாதி, நாக்கில் பாதி என்று விளங்கும். நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கித் தினமும் சாப்பிடுவது வேறு விஷயம். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம்.

கருப்பட்டிக்கு வருவோம். நெடுஞ்சாலை முழுக்க இப்போது கருப்பட்டிக் காபி போர்டுகள். வாசனை அருமை, மறுக்கவில்லை. ஆனால் கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். இரும்பும் மற்ற சத்துகளும் இருப்பது உண்மை, ஒரு ஸ்பூனில் வரும் அளவு அற்பம். "வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு டம்ளருக்கு மூணு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போடுபவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. தேனும் அதே ரகம். மாத்திரை, சொட்டு மருந்து வடிவில் வரும் செயற்கை இனிப்புகளை உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது.

பாக்கெட் சரக்கில் ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்: பின்பக்கச் சத்து அட்டவணையில் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று இருக்கும் வரி, 100 கிராமுக்கு எவ்வளவு என்று. இனிப்பே இல்லாத மாதிரி இருக்கும் மேரி பிஸ்கட்டில்கூட 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். முன்பக்கத்தில் ஓடும் குதிரையையும் உயரமாகும் பையனையும் நம்ப வேண்டாம். போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ஹெல்த் டிரிங்க் வரிசையில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் சொல்லவேண்டியிருந்தது. அதுவரை நம் குழந்தைகள் அதை ஆரோக்கியம் என்றே குடித்தார்கள்.

உண்மையில் கஷ்டமான இடம் விருந்தாளியாகப் போகும் வீடு. "சர்க்கரை வேண்டாம் அத்தை" என்றால் போச்சு. "ஏன்டா, சுகரா? இந்த வயசிலேயா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும், அடுத்த வாரம் சொந்தபந்தம் முழுக்க நமக்கு வியாதி. இல்லாத வியாதிக்கு விளக்கம் சொல்வதைவிட "சீனியை மட்டும் தனியா வெச்சிடுங்க அத்தை, நானே போட்டுக்கறேன்" என்பது சுமுகமான வழி. நாம் எவ்வளவு போட்டோம் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இந்தப் பயத்துக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்து 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதனால் கேள்வி கேட்கும் அத்தைக்கே சுகர் இருக்கக்கூடும்.

இவ்வளவும் நோய் இல்லாதவர்களுக்கு. இன்சுலின் போடுபவர்களும், கணையத்தைத் தூண்டும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று இனிப்பையும் மாவுச்சத்தையும் குறைத்தால் மருந்தின் அளவையும் மாற்றவேண்டி வரும், டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அவர்களுக்குக் கை நடுங்கி, வியர்த்து, படபடப்போடு இனிப்பு வேண்டும் போல வந்தால் அது ஆசை இல்லை, ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. நடக்கப் போகக் கூடாது, பொறுத்தும் பார்க்கக் கூடாது. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.